உராய்வு என்று எழுதி முடிக்கப்படும் மரணங்கள்: பட்டாசு ஆலைகளின் பழுப்புப் புகை

விருதுநகர் மாவட்டத்தில் பட்டாசு ஆலையொன்று வெடித்துச் சிதறும் ஒவ்வொரு முறையும் மறுநாள் நாளிதழ்களில் ஒரே சொல் அச்சாகிறது: உராய்வு. மருந்து கலக்கும்போது உராய்வு, மணிமருந்தை அள்ளும்போது உராய்வு, பெட்டியை இறக்கும்போது உராய்வு. முதல் தகவல் அறிக்கையும் அதே சொல்லோடு தொடங்கி, போர்மேன் பெயரையும் மேலாளர் பெயரையும் சேர்த்துக்கொண்டு முடிகிறது. உராய்வு கையால் நேர்வது; கை தொழிலாளியுடையது. ஆகவே விபத்தின் காரணம் இறந்தவரின் கையிலேயே இருந்ததாக, வழக்கு தொடங்கும் முன்பே எழுதப்பட்டுவிடுகிறது.

விருதுநகர் மாவட்டத்தின் முதன்மை நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. அங்கே வந்து சேரும் இத்தகைய வழக்குக் கட்டுகளைப் படிக்கும்போது, அவற்றில் இருப்பவற்றைவிட இல்லாத ஒன்றே எங்களை அதிகம் உறுத்துகிறது. உடலில் தீக்காயம் எத்தனை விழுக்காடு என்பது இருக்கிறது. இடிந்த அறைகளின் எண்ணிக்கை இருக்கிறது. எரிந்த மருந்து எது, அது எரிந்தபோது வெளிவந்த வாயு எது, அதை எத்தனை பேர் சுவாசித்தார்கள் என்பது இல்லை. கழிவுநீர்த் தொட்டி மரணங்களில் "விஷவாயு தாக்கி" என்ற சொற்களையாவது அறிக்கையில் எழுத வைப்பதற்கு நம் இயக்கங்கள் பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. பட்டாசு ஆலை மரணங்களில் அந்த முதற்படியைக்கூட நாம் இன்னும் எட்டவில்லை.

அந்த வாயுவைப் பற்றியதுதான் இக்கட்டுரை. நைட்ரஜன் ஆக்சைடுகள் என்று வேதியியல் நூல்கள் அதைக் குறிப்பிடுகின்றன. நிறமற்ற நைட்ரிக் ஆக்சைடும், பழுப்பு நிறமுள்ள நைட்ரஜன் டை ஆக்சைடும் அவற்றுள் முக்கியமானவை. முன்னது காற்றோடு கலந்து பின்னதாக மாறும். பின்னது நீரோடு சேர்ந்து நைட்ரிக் அமிலமாக மாறும். நுரையீரலின் உட்சுவர் எப்போதும் ஈரமாக இருப்பது என்பதை மட்டும் இங்கே நினைவில் கொண்டால் போதும்.

உப்பிலிருந்து வாயு

பட்டாசுக்கு எரிபொருள் கந்தகமும் கரித்தூளும் அலுமினியப் பவுடரும். அவை எரியத் தேவையான ஆக்சிஜனைக் காற்றிலிருந்து எடுத்துக்கொள்ளக் காத்திருக்க முடியாது. மருந்துக்குள்ளேயே அது இருந்தாக வேண்டும். அதைத் தருவது நைட்ரேட் உப்புகள். கருமருந்தில் நூற்றுக்கு எழுபத்தைந்து பங்கு வெடியுப்பு எனப்படும் பொட்டாசியம் நைட்ரேட். பச்சை நிற ஒளிக்கும் வேறு பல பேன்சி ரகங்களுக்கும் சிவகாசி வட்டாரத்தில் "பச்சை உப்பு" என்று அழைக்கப்படும் பேரியம் நைட்ரேட்.

மருந்து சரியான விகிதத்தில், உலர்ந்த நிலையில், வேகமாக எரிந்தால் நைட்ரேட்டில் உள்ள நைட்ரஜனின் பெரும்பகுதி தீங்கற்ற நைட்ரஜன் வாயுவாகவே வெளியேறிவிடும். ஆபத்து இருப்பது மெதுவாக வேகும் மருந்தில். ஈரமான மருந்து, விகிதம் தவறிய மருந்து, இடிபாட்டுக்கு அடியில் சிக்கிப் புகைந்துகொண்டிருக்கும் மருந்து, கழிவாகக் குவித்துக் கொளுத்தப்படும் மருந்து ஆகியவற்றில் நைட்ரேட் உப்பு முழுதாக எரியாமல் சூட்டில் சிதைகிறது. அப்போதுதான் பழுப்புப் புகை எழும்.

அளவைப் புரிந்துகொள்ள ஒரு சிறு கணக்கு. ஒரு கிலோ பேரியம் நைட்ரேட் முழுவதும் வெப்பத்தில் சிதைந்தால் ஏறத்தாழ 350 கிராம் நைட்ரஜன் டை ஆக்சைடு உண்டாக முடியும். அதில் நூற்றில் ஒரு பங்கு, அதாவது மூன்றரை கிராம் மட்டும், நீளம் அகலம் உயரம் மூன்றும் 3 மீட்டராக உள்ள ஓர் அறைக்குள் தங்கியதாக வைத்துக்கொள்வோம். கன மீட்டருக்கு 130 மில்லிகிராம் ஆகிறது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை இந்த வாயுவுக்குக் குறுகிய நேர உச்சவரம்பாக வைத்திருப்பது கன மீட்டருக்கு 10 மில்லிகிராம். எட்டு மணி நேரச் சராசரிக்கு 6 மில்லிகிராம். ஒரு கிலோவில் நூற்றில் ஒரு பங்கே பதின்மூன்று மடங்கு மீறலைத் தருகிறது. ஆலைகளில் மருந்து கிலோ கணக்கில் அல்ல, மூட்டைக் கணக்கில் இருக்கிறது.

வாயுவே எரியுமா என்று மாணவர்கள் கேட்பதுண்டு. எரியாது; ஆனால் எரிவதற்குத் துணைசெய்யும். நைட்ரஜன் டை ஆக்சைடு ஆக்சிஜனைக் கொடுக்கும் பொருள். பஞ்சு, காகிதம், மரத்தூள், துணி ஆகியவை அதன் அடர்ந்த புகையில் எளிதாகத் தீப்பிடிக்கும், பிடித்தால் வேகமாக எரியும். பட்டாசு அறையில் காகிதத்துக்கும் திரிக்கும் பஞ்சமில்லை. அதோடு, ஆக்சிஜன் மருந்துக்குள்ளேயே இருப்பதால் மணலையோ சாக்கையோ போட்டு மூடி இத்தீயை அணைக்க முடியாது. அலுமினியப் பவுடர் கலந்த மருந்து எரியும்போது தண்ணீர் ஊற்றுவதும் ஆபத்து. சூடான உலோகத் தூள் நீரோடு வினைபுரிந்து, எரியக்கூடிய ஹைட்ரஜனை வெளிவிடும். ஆலை வாசலில் தொங்கும் மணல் வாளிகள் சின்னத் தீப்பொறிக்கு உதவலாம். மருந்து பற்றிக்கொண்ட பிறகு தொழிலாளிக்கு இருக்கும் ஒரே பாதுகாப்பு ஓடுவதற்குத் தடையில்லாத வாசலும், ஓடிப்போய் நிற்பதற்குப் போதுமான தொலைவும்தான். ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் கூடாது என்ற விதியின் பொருள் அதுவே. பத்துப் பேரையும் பன்னிரண்டு பேரையும் உட்கார வைத்து, மரத்தடியிலும் வராந்தாவிலும் வேலையைப் பரப்பும்போது முதலில் பறிபோவது அந்த ஓட்டம்.

"உராய்வு" என்ற சொல் மறைக்கும் இன்னொன்றும் உண்டு. அலுமினியப் பவுடரும் நைட்ரேட்டும் கலந்த மருந்தில் ஈரம் ஏறினால், யாரும் தொடாமலேயே அது உள்ளுக்குள் வினைபுரிந்து சூடேறும்; அம்மோனியா நெடி வரும்; சில மணி நேரத்தில் தானாகவே பற்றிக்கொள்ளவும் கூடும். இதைத் தடுக்கச் சிறிதளவு போரிக் அமிலம் சேர்ப்பது உலகெங்கும் இத்தொழிலில் உள்ள வழக்கம். முந்தைய நாள் மீந்த மருந்தை இரவில் வைத்திருந்து மறுநாள் காலை எடுத்துக் கலப்பது ஏன் கூடாது என்பதற்கு இதுவே விடை. காலையில் முதலில் அறைக்குள் போனவர் இறந்திருந்தால், அது அவர் கையின் உராய்வா, இரவெல்லாம் வெந்துகொண்டிருந்த மருந்தா என்ற கேள்வியைப் புலனாய்வு அதிகாரி கேட்டாக வேண்டும். மீந்த மருந்தை வைத்திருக்கச் சொன்னவர் யார் என்ற கேள்வி அதற்குப் பின்னால் தானாக வரும்.

வேடிக்கை பார்க்கவும் காப்பாற்றவும் வந்தவர்கள்

2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசிக்கு அருகே முதலிப்பட்டியில் ஓம் சக்தி பட்டாசு ஆலையில் நேர்ந்த விபத்தை இவ்வட்டாரத்தில் யாரும் மறக்கவில்லை. இறந்தோர் 38 பேருக்குக் குறையாது. அவர்களில் பலர் அந்த ஆலையின் தொழிலாளர்களே அல்லர். முதல் வெடிச்சத்தம் கேட்டு, சிக்கியவர்களைத் தூக்கவும் என்ன நடந்தது என்று பார்க்கவும் ஓடிவந்த அக்கம்பக்கத்தார். தீ அடுத்த இருப்புக்குப் பரவியபோது அவர்கள் அருகிலேயே நின்றிருந்தார்கள்.

இதே காட்சி 1947 ஏப்ரல் 16 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டி துறைமுகத்தில் நடந்தது. கிராண்ட்கேம்ப் என்ற கப்பலில் ஏற்றப்பட்டிருந்த அம்மோனியம் நைட்ரேட் உரம் காலையில் புகையத் தொடங்கியது. ஆரஞ்சு நிறப் புகை விசித்திரமாக இருந்ததால் ஊரார் கரையில் கூடிப் பார்த்தார்கள். கப்பல் வெடித்தபோது, தீயணைக்கப் போன உள்ளூர்ப் படையினர் ஏறத்தாழ அனைவரும் மாண்டனர். மொத்த உயிரிழப்பு 580ஐ ஒட்டியது. 2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூட் துறைமுகத்தின் மேல் எழுந்த செம்பழுப்பு மேகத்தை நம்மில் பலர் கைப்பேசியில் பார்த்திருக்கிறோம். மூன்றிலும் நிறம் ஒரு செய்தியைச் சொல்கிறது: ஆரஞ்சாகவோ பழுப்பாகவோ புகை வந்தால் நைட்ரேட் சிதைந்துகொண்டிருக்கிறது; இன்னும் மீதமிருப்பது எந்த நொடியும் வெடிக்கலாம்; வெடிக்காவிட்டாலும் அந்தப் புகையே நஞ்சு. கருப்புப் புகைக்கும் வெள்ளைப் புகைக்கும் அருகில் நிற்கலாம் என்று இதற்குப் பொருளல்ல. ஆனால் பழுப்பைக் கண்டால் காற்றுக்கு எதிர்த்திசையிலோ பக்கவாட்டிலோ விலகி ஓட வேண்டும் என்ற ஒற்றை வரியை, ஆலைகளைச் சுற்றியுள்ள பள்ளிகளில் இன்றே சொல்லிக்கொடுக்கலாம். அதற்கு எந்த அரசாணையும் தேவையில்லை.

டெக்சாஸ் சிட்டி வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1953இல் அரசுக்குப் பொறுப்பில்லை என்று தீர்ப்பளித்தது. இழப்பீட்டுக்காக அந்நாட்டு நாடாளுமன்றம் 1955இல் தனிச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. நாம் அந்த வகையில் பின்தங்கியவர்கள் அல்லர். நம்மிடம் சட்டம் இருக்கிறது. அதைப் பின்னர் பார்ப்போம்.

தாமதமாக வரும் மரணம்

குளோரின் அல்லது அம்மோனியா கசிந்தால் கண்ணும் தொண்டையும் உடனே எரியும், மனிதன் ஓடிவிடுவான். நைட்ரஜன் டை ஆக்சைடு நீரில் மெதுவாகவே கரையும். ஆகவே மூக்கிலும் தொண்டையிலும் பெரிய எரிச்சலைத் தராமல் நுரையீரலின் அடி வரை இறங்கிவிடும். லேசான இருமல், சற்றுத் தலைவலி, நெஞ்சில் ஓர் இறுக்கம். வெளியே வந்து தண்ணீர் குடித்தால் சரியாகிவிட்டது போலத் தோன்றும். மருத்துவமனையில் எடுக்கும் முதல் எக்ஸ்ரே தெளிவாகவே இருக்கும். பிறகு சில மணி நேரம், சிலருக்கு ஒரு நாளும் அதற்கு மேலும், எந்தத் தொந்தரவும் இருக்காது. அதன் பின் நுரையீரலில் நீர் கோக்கத் தொடங்கும். மூச்சு வாங்கும், உதடு நீலம் பாயும், நுரை தள்ளும். பிழைத்தவர்களிலும் சிலருக்கு இரண்டு முதல் ஆறு வாரங்களுக்குள் சிறு மூச்சுக்குழல்கள் அடைபடும் இரண்டாம் கட்டம் வருகிறது. இந்த இடைவெளியில் கடினமாக உழைத்தால் நிலைமை மோசமாகும் என்று மருத்துவ நூல்கள் எச்சரிக்கின்றன. விபத்துக்கு மறுநாளே வேறோர் ஆலைக்கோ நூறு நாள் வேலைக்கோ போகவேண்டிய நிலையில் உள்ளவர்களிடம் இந்த எச்சரிக்கையை யார் சொன்னார்கள்?

இது நூறாண்டுகளாக அறியப்பட்ட உண்மை. 1929 மே 15 அன்று அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக்கில் நைட்ரோ செல்லுலோஸ் எக்ஸ்ரே படச்சுருள்கள் தீப்பிடித்து நைட்ரஜன் ஆக்சைடும் கார்பன் மோனாக்சைடும் கட்டடம் முழுதும் பரவின. 123 பேர் இறந்தார்கள். அவர்களில், தானே நடந்து வெளியே வந்து, நலமாக இருப்பதாகச் சொல்லிவிட்டுப் பின்னர் மடிந்தவர்களும் உண்டு.

இன்னொரு நிகழ்வு எங்களுக்கு அடிக்கடி நினைவுக்கு வருகிறது. 1975 ஜூலை 24 அன்று அப்பல்லோ விண்கலத்தில் மூன்று அமெரிக்க விண்வெளி வீரர்கள் பூமிக்குத் திரும்பும்போது, கலத்தின் சிறு உந்துகருவிகளில் பயன்பட்ட நைட்ரஜன் டெட்ராக்சைடு காற்றுத்துளை வழியே உள்ளே வந்தது. அவர்கள் அதைச் சுவாசித்தது சில நிமிடங்களே. கடலில் இறங்கியதும் மூவரையும் ஹொனலூலு மருத்துவமனையில் சேர்த்து இரண்டு வாரம் கண்காணித்தார்கள். மூவரும் பிழைத்தார்கள். சில நிமிடப் புகைக்கு இரண்டு வாரம் என்பது அரை நூற்றாண்டுக்கு முந்தைய மருத்துவ அறிவு. தீக்காயம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காகச் சேரிகளிலிருந்து வந்த தொழிலாளிகளை வெளிநோயாளிச் சீட்டோடு அனுப்பிவைக்கும்போது, அந்த அறிவு சிவகாசிக்கும் சாத்தூருக்கும் வந்து சேரவில்லை என்று சொல்ல முடியாது. யாருடைய நுரையீரலுக்கு அதைச் செலவிடுவது என்பதில்தான் வேறுபாடு.

பட்டாசுத் தொழிலில் மருந்தறைக்குள் உட்காருபவர்கள் மானாவாரி நிலமும் இல்லாதவர்கள். பட்டியல் சாதி மக்களும் பிற பிற்படுத்தப்பட்ட சாதிகளின் ஏழைகளும் அவர்களில் மிகுதி, பெண்கள் ஏராளம். ஸ்ரீவில்லிபுத்தூர், சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களுக்கு விடியுமுன் ஆலை வேன்கள் வந்து ஏற்றிச் செல்கின்றன. கூலி எண்ணிக்கைக்கு ஏற்ப. எனவே நிதானமாகச் செய் என்று விதிப்புத்தகம் சொல்வதும், வேகமாகச் செய் என்று கூலிமுறை சொல்வதும் ஒரே உடலில் மோதுகின்றன. உரிமம் ஒருவர் பெயரில், அறைகள் உள்குத்தகையில் வேறு பலர் கையில். யாரிடம் வேலை பார்க்கிறோம் என்பதே தொழிலாளிக்குத் தெரியாத இடத்தில், என்ன உப்பைக் கலக்கிறோம் என்று தெரிந்திருக்கும் என எதிர்பார்க்க முடியாது.

டெல்லியின் வானமும் மருந்தறையின் கூரையும்

பேரியம் உப்புகளை உச்ச நீதிமன்றம் தடை செய்திருக்கிறது. 2015இல் டெல்லியைச் சேர்ந்த மூன்று குழந்தைகளின் பெயரில் தொடுக்கப்பட்ட அர்ஜுன் கோபால் வழக்கில் 2018 அக்டோபர் 23 அன்று வந்த தீர்ப்பு அது. 2021 அக்டோபர் 29 அன்று நீதிமன்றம் அத்தடையை மீண்டும் வலியுறுத்தியது. தடையைத் தளர்த்தக் கோரி உற்பத்தியாளர்கள் வைத்த வேண்டுகோளை 2023 செப்டம்பரில் ஏற்க மறுத்தது. குழந்தைகளின் மூச்சு காக்கப்பட வேண்டும் என்பதில் எங்களுக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் அந்த வழக்கின் நீண்ட பயணத்தில் மையமாக இருந்தது வெடிக்கும் நகரத்தின் காற்று. கலக்கும் அறையின் காற்று அதில் ஓரமாகவே நின்றது. தொழிலாளர் பெயர் வந்தபோதெல்லாம் வேலைவாய்ப்பு என்ற ஒரே தலைப்பில் வந்தது, அதுவும் உற்பத்தியாளர்களின் வாதமாக. அந்த வேலையைச் செய்பவரின் நுரையீரல் யாருடைய வாதமாகவும் இருக்கவில்லை. தடைக்குப் பிறகு பச்சை உப்பு மறைவாகப் புழங்கினால் அதன் கூடுதல் ஆபத்தும் மருந்தறைக்கே. கள்ளத்தனமாக வைக்கப்படும் இருப்பை யாரும் ஆய்வு செய்வதில்லை.

ராஜபாளையம் பக்கத்து மாணவர்கள் இன்னொரு கேள்வி எழுப்புவார்கள்: நூற்பாலை ஜெனரேட்டர் புகையிலும் இதே வாயுதானே? இதேதான், ஆனால் பிறப்பும் அளவும் வேறு. டீசல் எஞ்சினின் கொடுஞ்சூட்டில் காற்றில் உள்ள நைட்ரஜனே ஆக்சைடாகிறது. குழாயில் இருக்கும் செறிவு தீயை வளர்க்கப் போதாது. ஆலையில் தீப்பிடிப்பது பெரும்பாலும் சூடான புகைக்குழாயின் மேல் பஞ்சுத் தூசி படிவதால். அடைத்த ஜெனரேட்டர் அறையில் ஆளைச் சாய்ப்பது முதலில் கார்பன் மோனாக்சைடு. புகைக்குழாய் கட்டடத்தைவிட எவ்வளவு உயர வேண்டும் என்பதற்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஒரு சூத்திரம் வைத்திருக்கிறது: கேவிஏ எண்ணின் வர்க்கமூலத்தை 0.2ஆல் பெருக்கினால் வரும் மீட்டர்கள். 100 கேவிஏ என்றால் 2 மீட்டர், 400 என்றால் 4 மீட்டர். அண்ணாந்து பார்த்தே சோதித்துக்கொள்ளலாம். வேதி ஆலைகளின் கதை வேறு. அங்கே வெளியேறும் வாயுவில் நைட்ரஜன் ஆக்சைடும் அம்மோனியாவும் சந்தித்தால் குழாயின் குளிர்ந்த பகுதியில் அம்மோனியம் நைட்ரேட் உப்பாகப் படிந்து, பின்னாளில் வெடிக்கவும் கூடும்.

நம் மக்களுக்கு அதைவிட நெருக்கமானது கிணறு. வெடிவைத்துக் கிணற்றை ஆழப்படுத்தும் வேலையில், வெடித்த பிறகு அடியில் தங்குவது இதே பழுப்பு வாயு. காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது, தானாக மேலே ஏறாது. புகை அகலும் வரை யாரும் நுழையக்கூடாது என்பது சுரங்கங்களுக்கு விதி. ஊர்க் கிணற்றுக்குள் இறங்குபவருக்கு அந்த விதியைச் சொல்ல யாரும் இல்லை.

சட்டப் புத்தகத்தில் ஏற்கெனவே இருப்பது

சட்டத்தில் இந்த வாயுவுக்கு இடமில்லை என்று வாதிடுபவர்களுக்கு இரண்டு அட்டவணைகளைக் காட்ட வேண்டும். தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்கப்பட வேண்டிய நோய்களுள் ஒன்றாக "நைட்ரஸ் புகை நஞ்சேற்றம்" இருக்கிறது. 89ஆம் பிரிவின்படி, அத்தகைய நோயாளியைப் பார்க்கும் மருத்துவர் தலைமைத் தொழிற்சாலை ஆய்வாளருக்கு எழுத்து மூலம் அறிக்கை அனுப்ப வேண்டும். தவறினால் ஆயிரம் ரூபாய் வரை அபராதம். தமிழ்நாட்டில் அந்த அறிக்கை சேர வேண்டிய இடம் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம்.

இரண்டாவது, 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை. அதன் ஏ பகுதியிலும் அதே நஞ்சேற்றம் இடம்பெற்றுள்ளது. ஏ பகுதியில் இருப்பதன் பயன் பெரிது. பி பகுதி நோய்களுக்கு ஆறு மாதத் தொடர் பணியைக் காட்ட வேண்டும். ஏ பகுதிக்கு அது தேவையில்லை. நேற்று வேலைக்குச் சேர்ந்தவரும் இன்று அந்தப் புகையால் நோயுற்றால், 3ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவின்படி அது பணியின்போது நேர்ந்த விபத்துக் காயமாகவே கருதப்படும். வருகைப் பதிவேடு இல்லை, ஒப்பந்தக்காரர் மாறிவிட்டார் என்று சொல்லித் தட்டிக்கழிக்க முயலும்போது இது கைகொடுக்கும். ஊழியர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில் பதிவு பெற்றவர் என்றால் கோரிக்கை அந்தக் கழகத்திடம் போகும்; அச்சட்டத்தின் அட்டவணையும் இதே பட்டியலைக் கொண்டதுதான். பழைய சட்டங்களின் எண்களையே இங்கே தருகிறோம், ஏனெனில் நிலுவையிலுள்ள வழக்குகள் அவற்றின் கீழ் தொடுக்கப்பட்டவை. 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொகுப்புச் சட்டங்களும் இந்தப் பதிவை நீக்கவில்லை.

ஒரு சிறு எச்சரிக்கை. நைட்ரஸ் புகை என்பது நைட்ரஸ் ஆக்சைடு அல்ல. பின்னது அறுவை சிகிச்சையில் மயக்கத்துக்குத் தரப்படும் சிரிப்பு வாயு. "மருத்துவமனையிலேயே கொடுக்கிறார்கள், இதில் என்ன நஞ்சு" என்று எதிர்த்தரப்பு குறுக்கு விசாரணையில் கேட்டால் திகைத்துவிடக் கூடாது.

தொழிலாளியே விதியை மீறினார், அவரே உராய்வை ஏற்படுத்தினார் என்ற வாதத்துக்கும் பதில் உண்டு. விதிமீறல் காரணமாக முதலாளி இழப்பீட்டிலிருந்து தப்பும் விலக்கு, மரணத்திலும் முழு நிரந்தர ஊனத்திலும் பொருந்தாது. 10பி பிரிவு, மரணம் நேர்ந்த ஏழு நாளுக்குள் முதலாளி ஆணையருக்கு அறிக்கை அனுப்ப வேண்டும் என்கிறது; விபத்து நாளிலிருந்து அல்ல, மரண நாளிலிருந்து. மூன்றாம் நாள் வீட்டில் இறந்தவருக்காகவும் அந்த அறிக்கை அனுப்பப்பட்டாக வேண்டும்.

தொழிலாளர் அல்லாதவர்கள், அதாவது காப்பாற்ற ஓடியவர்கள், வேறு வழியில் வர வேண்டும். டெல்லி ஸ்ரீராம் ஆலையின் ஓலியம் வாயுக் கசிவு வழக்கில் 1986 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் வகுத்த முழுப்பொறுப்புக் கோட்பாடு இங்கே பொருந்தும்: ஆபத்தான தொழிலை நடத்துபவர் கவனமாக இருந்தேன் என்று சொல்லித் தப்ப முடியாது. போபாலுக்குப் பின் வந்த 1991ஆம் ஆண்டின் பொதுப்பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம் தொழிலாளர் அல்லாதோருக்கானது; ஆனால் அது வந்தபோது மரணத்துக்கு வைத்த நிவாரணம் வெறும் 25,000 ரூபாய். தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் வழி அதைவிட வலுவானது. 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் 20க்கும் மேற்பட்டோர் இறந்த விபத்தைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து விசாரித்து, இறந்தோர் குடும்பங்களுக்குத் தலா 20 லட்சம் ரூபாய் இழப்பீடு நிர்ணயித்தது. கழிவுநீர்த் தொட்டி மரணங்களுக்கு 2014இல் 10 லட்சம் என்றிருந்ததை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபர் 20 அன்று 30 லட்சமாக உயர்த்தியது என்பதையும் ஒப்பிட்டுக் காட்டலாம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இதில் வருமா என்று தோழர்கள் கேட்கிறார்கள். விபத்து என்ற அளவில் வராது. அதை வலிந்து சேர்த்தால் வலுவான வழக்கும் பலவீனமாகும்.

இவ்வளவும் ஒரே ஒரு கண்ணியில் தொங்குகிறது: புகையைச் சுவாசித்தார் என்பதற்கான பதிவு. அது இல்லாவிட்டால் மூன்றாம் நாள் மரணம் மாரடைப்பாகிவிடும். ஆகவே விபத்துச் செய்தி கேட்டு மருத்துவமனைக்கு விரையும் தோழர்கள், தீக்காயப் பிரிவுக்கு வெளியே இருமிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களையும் தேடிப் பார்க்க வேண்டும். அவர்களின் விபத்துப் பதிவேட்டில் "பட்டாசு ஆலைப் புகையைச் சுவாசித்தவர்" என்ற சொற்களை மருத்துவரிடம் கேட்டு எழுத வைக்க வேண்டும். நகலையும் வாங்கிக்கொள்ள வேண்டும். குறைந்தது 24 மணி நேரம், இயன்றால் 48 மணி நேரம் உள்நோயாளியாக வைத்து, ஆக்சிஜன் அளவை மணிக்கணக்கில் குறிக்கச் சொல்ல வேண்டும். வீட்டுக்கு அனுப்பினால், மூச்சு வாங்கினால் உடனே திரும்பி வர வேண்டும் என்பதைச் சீட்டில் எழுதித் தரச் சொல்ல வேண்டும். மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்கோ விருதுநகர் மருத்துவக் கல்லூரிக்கோ மாற்றும்போது முதல் சீட்டு தொலைந்துபோவது வழக்கம். கைப்பேசியில் படம் எடுத்துவிடுங்கள்.

வீட்டில் இறந்தால், சடங்குக்கு முன் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194ஆம் பிரிவின் கீழ் விசாரணையும் உடற்கூறாய்வும் கோர வேண்டும். குடும்பத்தினர் அந்த நேரத்தில் அதற்கு இசைவது கடினம் என்பது எங்களுக்குத் தெரியும். ஆனால் நுரையீரல் நீர் கோத்துக் கனத்திருந்தது என்ற ஒரு வரி அறிக்கையில் இருந்தால், விபத்துக்கும் மரணத்துக்கும் இடையிலுள்ள நாள்களை நீதிமன்றத்தில் எங்களால் இணைத்துக் காட்ட முடியும். தொழிலாளர் இழப்பீட்டு ஆணையரிடம் மனுப் போட மரண நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள் உண்டு. பசுமைத் தீர்ப்பாயத்தில் இழப்பீடு கோர ஐந்து ஆண்டுகள்.